காரையில் பச்சை, குத்தாலத்தில் பதம்! - டெல்டாவுக்கு அடியில் ஒரு பயணம்

"ஏன் பாப்பா, தமிழ்நாடு பூரா நிலம் கெடக்கு. இந்த எண்ணெயும் கேஸும் மட்டும் நம்ம வயலுக்குக் கீழதான் இருக்கணுமா?"

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா இப்படிக் கேட்டார். கும்பகோணத்துக்கும் குத்தாலத்துக்கும் இடையில், காவிரிக்கு வடகரையில் எங்கள் ஊர். கதிராமங்கலம் பக்கம். வயலுக்குப் போகும் வழியிலேயே வேலி போட்ட எண்ணெய்க் கிணறு ஒன்றைக் கடந்துதான் போக வேண்டும். சின்ன வயதில் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

என்னிடம் பதில் இல்லை. பெரியப்பாவைப் பொறுத்தவரை நான் பத்திரிகையில் வேலை பார்க்கிற பிள்ளை, எல்லாம் தெரிந்தவள். உண்மை என்னவென்றால், டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஷேல் கேஸ் என்று மாற்றி மாற்றித் தலைப்பு வைத்திருக்கிறேனே தவிர, மூன்றும் ஒன்றா வேறா என்று நின்று யோசித்ததில்லை. எது அதிகம் தேடப்படுகிறதோ அதைப் போடுவோம். அவ்வளவுதான்.

ஜியாலஜி படித்த தோழிக்கு போன் போட்டேன். சிரித்தாள். "உங்க ஊர்ல இருந்து ஆரம்பிக்காதே. முதல்ல எண்ணெய் இல்லாத இடத்துக்குப் போகணும். காரைக்கு வா" என்றாள்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

கடல் காய்ந்த ஊர்

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் கிழக்கே திரும்பி, ஊட்டத்தூர் தாண்டிப் போனால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. ஊரை ஒட்டித் திடீரென்று நிலம் மாறிவிடுகிறது. மழை அரித்து அரித்து மடிப்பு மடிப்பாக நிற்கும் களிமண் மேடுகள். மஞ்சள், பழுப்பு, சாம்பல் என்று நிறம். புல்கூட அதிகம் இல்லை. சினிமாவில் வேற்றுக்கிரகம் காட்ட வேண்டுமென்றால் இங்கே கேமராவை வைத்தால் போதும்.

வெயிலில் தரையெல்லாம் மினுக்கியது. ஜிப்சம். அதற்கு நடுவில் பென்சில் முனை மாதிரி வழவழப்பான கல் துண்டு ஒன்று கிடந்தது. "பெலெம்னைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம்" என்றாள் தோழி. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் கடலடி. நத்தைச் சுருள் மாதிரியான அம்மோனைட்டுகளும் சுறாப் பற்களும் இங்கே கிடைத்திருக்கின்றன. 19-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய அதிகாரிகள் இந்தப் பகுதியில் புதைபடிவங்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். இங்குள்ள பாறைத் தொகுதிக்கு ஊட்டத்தூர் பெயரையே வைத்தார்கள். (நாம் பொறுக்கக் கூடாது. போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.)

தோழி ஒரு களிமண் கட்டியைக் கையில் எடுத்தாள். விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது.

"இதுதான் கதையோட ஹீரோ. கடல்ல செத்த நுண்ணுயிர்கள், ஆறு அடிச்சுட்டு வந்த இலை, கட்டை எல்லாம் சேத்தோட சேர்ந்து அடியில படியும். காத்துப்படாம மூடிக்கிட்டா அழுகாது. நாளாக ஆக கெரோஜன்னு ஒரு மக்கா மாறும். அது இருக்கிற பாறையைத்தான் மூலப்பாறைன்னு சொல்றோம். ஏறக்குறைய இதே காலத்துல படிஞ்ச இதே மாதிரி சேறு உங்க ஊருக்குக் கீழயும் இருக்கு."

"அப்ப இங்கேயும் எண்ணெய் இருக்கணுமே?"

"இது வேகல. பச்சை மாவு."

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாத்தனூர். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடித்துச் சொன்னது. கடலுக்குள் அடித்து வரப்பட்டுப் புதைந்த மரத்துக்குள் மணற்சத்து ஊறி ஊறி, அப்படியே கல்லாகிவிட்டது. அதன் சொந்தக்காரர்களான எத்தனையோ மரங்கள் தூளாகிச் சேற்றோடு கிழக்கே போய்ப் புதைந்தன. அவற்றில் பல இன்று கேஸ்.

பஸ் போர்டில் பாறை

அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கும்பகோணத்துக்கு பஸ் பிடித்தோம். ஜெயங்கொண்டத்தில் ஆண்டிமடம் போர்டு போட்ட பஸ் ஒன்று நின்றது. தோழி முழங்கையால் இடித்தாள். "அதோ, உங்க பெரியப்பா நிலத்துக்கு அடியில இருக்கிற பாறை."

காவிரிப் படுகையில் துளையிட்டவர்கள், ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். அடியிலிருந்து மேலே வந்தால் ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், போர்ட்டோநோவோ (நம்ம பரங்கிப்பேட்டைதான்), கமலாபுரம், காரைக்கால். ஏதோ ரூட் பஸ் கண்டக்டர் ஸ்டேஜ் சொல்வதுபோல இருக்கிறது. இதில் ஆண்டிமடமும் சாத்தப்பாடிக் களிப்பாறையும்தான் முக்கியமான மூலப்பாறைகள். காரையில் நாங்கள் கையால் உதிர்த்த களிமண்ணின் ஆழத்துப் பங்காளிதான் சாத்தப்பாடி.

'படுகை' என்ற சொல்லைப் பற்றி ஓர் இடைச்செருகல். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் வாழையும் மூங்கிலும் நிற்கும் நிலம். ஜியாலஜிக்காரர்களுக்குப் படுகை என்றால் பூமி அமிழ்ந்து உண்டான பெரும்பள்ளம், அதை நிரப்பிய வண்டல். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வேறு வேறு நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பள்ளம் வந்த கதை பெரியது. இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கண்டமாக இருந்தன. 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து அந்தக் கண்டம் பிளக்கத் தொடங்கியபோது, நம் கிழக்குக் கரை நீளநீளமாக விரிசல் விட்டது. சில பட்டைகள் சரிந்து பள்ளமாயின, சில அப்படியே மேடாக நின்றன. பள்ளங்கள் அமிழ அமிழ ஆறும் கடலும் அவற்றை நிரப்பிக்கொண்டே வந்தன. ஆழமான இடங்களில் வண்டலின் தடிமன் 5, 6 கிலோமீட்டர். காரை இந்தப் படுகையின் மேற்கு விளிம்பு. தட்டின் ஓரத்தில் ஒட்டிய பருக்கை மாதிரி. அது ஒருபோதும் அந்த ஆழத்துக்குப் போகவில்லை.

அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். சம்பா அறுவடை முடிந்த நேரம். ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போர்த்திய குவியல்கள். எட்டிய தூரம்வரை தட்டையான நிலம். இதற்குக் கீழே பள்ளமும் மலையுமாக இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

அடுக்களைக் கணக்கு

ராத்திரி பெரியம்மா வீட்டில் தங்கினோம். வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் இன்னமும் அண்டாவில் நெல் அவிக்கிறவர் பெரியம்மா. மறுநாள் விடியற்காலையில் கொல்லையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊறவைத்த நெல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

தோழிக்கு ஏக சந்தோஷம். "இதைவிட லேசா யாருக்கும் சொல்ல முடியாது" என்று திண்ணையில் பெரியப்பாவை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

பூமிக்குள் கீழே போகப் போகச் சூடு ஏறும். உலகச் சராசரியாகப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். மேலே 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 2 கிலோமீட்டர் ஆழத்தில் 88 டிகிரிவரை போகும். 3 கிலோமீட்டரில் 118. 4 கிலோமீட்டரில் 148. இடத்துக்கு இடம், கிணற்றுக்குக் கிணறு இது கொஞ்சம் மாறும்.

இனி கெரோஜனைப் பாருங்கள். 60 டிகிரிவரை அது பெரிதாக அசையாது. அதைத் தாண்டினால் பெரிய மூலக்கூறுகள் உடைந்து எண்ணெய் கசியத் தொடங்கும். சுமார் 120 டிகிரிவரை எண்ணெய்தான் அதிகம். அதற்கும் மேலே போனால் எண்ணெயே உடைந்து கேஸாகும். 200 டிகிரியை ஒட்டிப் போகும்போது மிஞ்சுவது வெறும் மீத்தேன். அதற்கப்புறம் அந்தப் பாறையில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை, அடிப்பிடித்த பானை.

"அப்ப எவ்வளவு நேரம் வேகணும்?" - கேட்டது பெரியம்மா.

"கோடி வருஷக் கணக்குல அத்தை. தணல்ல வைக்கிற மாதிரி. பத்து டிகிரி ஏறினா வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். அதனால ஆழம் மட்டும் போதாது, அந்த ஆழத்துல எத்தனை காலம் கெடந்துச்சுங்கிறதும் கணக்கு."

விறகும் இலையும் அதிகம் கலந்த சேறு என்றால் கேஸ் அதிகம் தரும். பாசி போன்ற நுண்ணுயிர்கள் அதிகம் என்றால் எண்ணெய் அதிகம். ஆண்டிமடப் பாறையில் நிலத்துத் தாவர எச்சம் நிறைய. டெல்டாவில் எண்ணெயோடு கேஸும் இவ்வளவு கிடைப்பதற்கு அது ஒரு காரணம். மன்னார்குடி பக்கம் திருமக்கோட்டையில் சுமார் 108 மெகாவாட் மின்நிலையமும், குத்தாலத்தை அடுத்த மருத்தூரில் சுமார் 100 மெகாவாட் மின்நிலையமும் இந்தப் படுகை கேஸை நம்பிக் கட்டப்பட்டவைதான்.

சரி, 3 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை வெந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? இந்த இடத்தில் பெரியம்மா அண்டாவிலிருந்து நாலு நெல்லை எடுத்துப் பார்த்தார். உமி வாய் பிளந்திருந்தது. இறக்கிவிட்டார்.

ஆய்வகத்திலும் இதேதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். துளையிடும்போது மேலே வரும் பாறைத் துணுக்கில், மரக்கட்டையின் மிச்சமான விட்ரினைட் என்ற பொடித் துகளைத் தேடுவார்கள். அதை மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து ஒளியைப் பாய்ச்சுவார்கள். வெந்த துகள் கண்ணாடி மாதிரி மின்னும். விழுந்த ஒளியில் எத்தனை சதவிகிதம் திரும்புகிறது என்பதே பதம். 0.6 சதவிகிதத்துக்குக் கீழே என்றால் பச்சை. 0.6 முதல் 1.3 வரை எண்ணெய்ப் பதம். அதற்கு மேல் கேஸ். 2-ஐத் தாண்டினால் வெறும் மீத்தேன். இந்த ஓர் எண்ணை நம்பித்தான் பெரும் செலவில் துளையிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். ஒரு மரத்தூள்!

பள்ளத்தில் பாறை வேகிற ஆழமான பகுதியை ஜியாலஜிக்காரர்கள் 'அடுக்களை' என்றே சொல்கிறார்களாம். பெரியம்மா இதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

கும்பகோணத்துக்கு அடியில் ஒரு மலை

பெரியப்பாவின் கேள்விக்கு இன்னும் பாதி பதில் பாக்கி. வெந்த எண்ணெய் வெந்த இடத்திலேயே இருப்பதில்லை. அது தண்ணீரைவிட லேசு. மணற்பாறையின் துளைகள் வழியாக மேல்நோக்கி ஊர்ந்துகொண்டே போகும். மேலே களிப்பாறை மூடி போட்டு, பக்கத்தில் ஒரு மேடும் இருந்தால் அங்கே தங்கும். 'பூமிக்குள் எண்ணெய் ஏரி' என்று நான்கூட எழுதியிருக்கிறேன். ஏரி எல்லாம் இல்லை. ஊறிய ரொட்டிபோலக் கல்லுக்குள் ஊறிக்கிடக்கிறது.

அந்த மேடு எங்கே? இங்கேதான். கும்பகோணத்துக்கு அடியில் ஒரு பழைய கருங்கல் முகடு புதைந்திருக்கிறது. கும்பகோணம் - மாதானம் முகடு என்று பெயர். அதற்கு ஒரு பக்கம் அரியலூர் - புதுச்சேரிப் பள்ளம், மறுபக்கம் தரங்கம்பாடிப் பள்ளம். இதேபோலக் காரைக்காலுக்கு அடியில் ஒன்று, பட்டுக்கோட்டை - மன்னார்குடிக்கு அடியில் ஒன்று. மகாமகக் குளத்தைச் சுற்றி ஆட்டோவில் போகும்போது காலுக்குக் கீழே ஒரு மலைத்தொடர் புதைந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பெரியப்பாவுக்குக் கிடைத்த பதில் இதுதான்: பள்ளம், அதில் சேறு, சரியான சூடு, பக்கத்தில் மேடு, மேலே மூடி. ஐந்தும் ஒரே இடத்தில் கூடி வருவது அபூர்வம். கூடி வந்த இடத்தின் மேல்பரப்பில் காவிரி வண்டலைக் கொட்டி நெல்லை வைத்துவிட்டது. அமிழ்ந்துகொண்டிருந்த தாழ்நிலம் என்பதால்தான் ஆறும் கிளை கிளையாகப் பிரிந்து இங்கே பரவியது. ஆக, கீழே எண்ணெயை வேகவைத்ததும் மேலே நெல்லை விளையவைத்ததும் ஒரே பள்ளம்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, வயலைப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

மூன்று கேஸ், மூன்று பயம்

கதிராமங்கலம் வனதுர்க்கை கோயிலுக்குச் செவ்வாய், வெள்ளியில் நல்ல கூட்டம் வரும். அன்று ஞாயிறு. தெரு அமைதியாக இருந்தது. 2017 ஜூன் 30 அன்று இங்கே ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு ஏற்பட்டு, வயலில் எண்ணெய் பரவியது. மக்கள் மறித்தார்கள், தீ எரிந்தது, தடியடி நடந்தது, கைதுகள் நடந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியிருந்தது. அதற்கும் முன்பே மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் நம்மாழ்வார் மறைந்தார்.

வரப்பில் நடந்தபடியே இவற்றைப் பிரித்துப் பார்த்தோம்.

மன்னார்குடித் திட்டம் நிலக்கரிப் படுகை மீத்தேன். அங்கே இருப்பது பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அதன் தொடர்ச்சி. ஆழத்தில் வெந்து உண்டான பண்டம் இல்லை அது. பதக் கணக்கில் சொன்னால் அரைவேக்காடுகூட இல்லை, ஊறவைத்த நெல். ஆழமும் சில நூறு மீட்டர்தான். ஆனால் கரியில் ஒட்டியிருக்கும் கேஸைப் பிரிக்க முதலில் அங்குள்ள தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். போர் போட்டு விவசாயம் செய்கிற ஊரில், தண்ணீர் போய்விடும் என்று பயந்ததில் தப்பே இல்லை என்பது என் கருத்து. 2023 ஏப்ரலில் தஞ்சாவூர் மாவட்டம் வடசேரியின் பெயர் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்ததும் டெல்டா கொதித்தது இதே காரணத்தால்தான். எதிர்ப்புக்குப் பிறகு பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

கதிராமங்கலத்துக் கிணறு வேறு ரகம். வெந்து, ஊர்ந்து, மேட்டில் தங்கியதைக் குழாய் இறக்கி எடுப்பது. நிலத்தடி நீர் அடுக்கைத் தாண்டித்தான் குழாய் போகிறது. அந்த இரும்பும் சிமென்ட்டும் எத்தனை வருஷம் தாங்கும், மேலே ஓடும் குழாயை யார் கவனிக்கிறார்கள் என்பதே கேள்வி. 2017-ல் கசிந்தது மேலே ஓடிய குழாய்.

ஷேல் கேஸ் மூன்றாவது. ஊர்ந்து வெளியே வராமல் மூலப்பாறைக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கேஸ். அதை எடுக்கத் தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து அழுத்திப் பாறையையே நொறுக்க வேண்டும். சாத்தப்பாடி மாதிரியான பாறை எந்த அளவுக்கு வெந்திருக்கிறது என்ற விட்ரினைட் எண் இங்கேதான் மறுபடி வந்து நிற்கும். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், கூட்டத்தில் அதிகாரி ஒன்றைச் சொல்லி மறுக்க, மக்கள் இன்னொன்றை நினைத்துக் கத்த, பேச்சு முடிவுக்கே வராது. எங்கள் தலைப்புகளுக்கும் அதில் பங்கு உண்டு.

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு ஆய்வும் துளையிடலும் கூடாது என்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றை அது தொடவில்லை. பெரியப்பா வீட்டு வழியில் இருக்கும் கிணறு அந்த இரண்டாவது வகை.

திரும்பும்போது நாகப்பட்டினம் போய், நரிமணம் வழியாக ஒரு சுற்று சுற்றினோம். 1964-ல் காரைக்காலில் முதல் ஆழ்துளை போட்டும், நரிமணத்தில் எண்ணெய் நின்று எடுக்கும் அளவுக்குக் கிடைத்தது 1980-களில்தான். 1993-ல் பனங்குடியில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலை வந்தது. இப்போது அந்த இடத்தில் 90 லட்சம் டன் ஆலைக்குத் திட்டம். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஊருக்குப் போய் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன், செல்போனில் காரை போட்டோக்களைப் பெரியப்பாவிடம் காட்டினேன். வேகாமல் போன நம்ம மண் என்று சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"அங்கே என்ன பாப்பா வெளையுது?"

"அந்தப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி."

"தண்ணி?"

"மழைதான். இல்லாட்டி போர்."

"ஆக, அவங்களுக்கு எண்ணெயும் இல்ல, காவிரியும் இல்ல" என்றார். இன்னொரு முறை முதல் போட்டோவுக்குப் போய்ப் பார்த்தார். அதற்குள் கொள்முதல் நிலையத்திலிருந்து போன் வந்துவிட்டது. எங்கள் மூட்டைக்கு முறை வந்துவிட்டதாம். செல்லை என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.